அயலார் பந்தியும் நம் அடுக்களையும்

நெடுவழி செல்வோர் தம் உணவைத் தாமே மூட்டை கட்டிச் செல்வது நம் முன்னோர் கண்ட முறை. புளிச்சோற்றை வாழையிலையில் பொதிந்து, துவையலைச் சிறு சம்புடத்தில் அடைத்து, குடிநீருக்கு ஒரு கூசாவையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டால், சென்னை சென்று சேரும் வரையில் எவர் வாயிலிலும் சோற்றுக்கு நிற்க வேண்டியதில்லை. சிக்கனம் இதற்கு ஒரு காரணம்; அச்சம் மற்றொரு காரணம். வழியில் கிடைக்கும் சோறு எவர் ஆக்கியதோ, எந்தப் பானையில் வெந்ததோ என்னும் அச்சம் அது. சிக்கனம் என்றும் நல்லதே. அந்த அச்சத்தை நாம் இன்னும் சுமந்து திரிய வேண்டுமா என்பதே இத்திங்கள் நம் நேயர்களுடன் கலந்து பேச விரும்பும் செய்தி.

அயலார் சமையல் நம் குடும்பங்களுக்கு உண்மையில் புதிதன்று. அம்பூரியில் ஒரு சாயாக்கடைப் பலகையில் சற்று நேரம் அமர்ந்து பார்த்தால் இது விளங்கும். ஒரு தட்டில் அவித்த மரச்சீனி; அதன்மேல் குடம்புளியிட்ட மீன்கறி; அருகில் சீரகமோ பதிமுகமோ இட்டுக் காய்ச்சிய வெந்நீர். இம்மலைச் சரிவுகளில் மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் தம் சமையலைத் தம்மோடு கொண்டு வந்தனர். அவர்களுக்கும் முன்பே காட்டுக்கிழங்கையும் தேனையும் அறிந்திருந்தவர்கள் காணி மக்கள். கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த நம்மவர் இட்லிக் கொப்பரையையும் அம்மிக் கல்லையும் இறக்கி வைத்தனர். மூன்று அடுப்பின் புகையும் ஒரே மலையில் கலந்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக் கோடு ஊர்களைப் பிரித்தது, உறவினரைப் பிரித்தது, அடுக்களைகளைப் பிரிக்க அதனால் இயலவில்லை. தமிழகத்து ஆறுகாணியிலும் மரச்சீனி வேகிறது. கேரளத்து அம்பூரியிலும் சாம்பார் மணக்கிறது.

இவ்வாறு பல சமையலுக்கிடையே வாழும் நாம், புதிதாக ஒன்றைக் கண்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? இவ்வினாவை நம்முள் எழுப்பியது, அண்மையில் பயணத்தின் இடையே ஒரு கொரிய நாட்டுச் சிற்றுணவகத்தில் கொண்ட நண்பகல் உணவு.

அதற்காக நாம் சியோல் நகரம் வரை செல்லவில்லை. பாறசாலை வழியே செல்லும் அனந்தபுரி விரைவு வண்டியில் ஏறிச் சென்னை அடைந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால், இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூர் வருகிறது. அங்கும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகளில் தென்கோடி மாவட்டங்களின் இளைஞர் பலர் பணி செய்கின்றனர். அவர்களுள் ஒருவர் நம் உறவினர் மகன். அவரைக் காணச் சென்றபோது, நம்முடன் அவருடைய அத்தைப் பாட்டியும் வந்திருந்தார். அந்த இளைஞரே நம்மை அவ்வுணவகத்துக்கு அழைத்துச் சென்றார்.

இராமானுசர் பிறந்த ஊரில் கொரியச் சோறு கிடைப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1996 மே மாதத்தில் ஹூண்டாய் மோட்டார் நிறுவனம் தன் இந்தியக் கிளையைத் தொடங்கியது. திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதன் ஆலை எழுந்தது. 1998-இல் 'சான்ட்ரோ' என்னும் சிறு கார் அங்கிருந்து வெளிவந்தது. ஆலையோடு கொரியப் பொறியியலாளர் வந்தனர். உதிரிப் பாகங்கள் செய்யும் கொரிய நிறுவனங்கள் அவர்களைத் தொடர்ந்தன. 2007-இல் சாம்சங் நிறுவனமும் திருப்பெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது.

வேலைக்கு வந்தவர் தனியே இருந்தால் கிடைத்ததை உண்டு நாள் கழிப்பர். மனைவி மக்களோடு வந்துவிட்டால் தம் ஊர்ச் சோறு வேண்டும். ஆகவே கொரிய மளிகைக் கடைகள் தோன்றின, உணவகங்கள் தோன்றின, சென்னையிலும் இந்நெடுஞ்சாலை ஓரத்திலும் கொரிய எழுத்துப் பலகைகள் தமிழ்ப் பலகைகளின் அருகே தொங்கலாயின. 2006-இல் இரு நாட்டுப் பண்பாட்டு உறவுக்கென 'இன்கோ மையம்' என்னும் அமைப்பும் சென்னையில் உருவாயிற்று. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் குடியேறிய நம்மவர் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை திறந்தது எதற்காகவோ, இவர்கள் இங்குக் கடை திறந்ததும் அதற்காகவே.

நம் இல்லத்து முதியவர்களுக்குக் கொரியா என்றவுடன் நினைவுக்கு வருவது போர். 1950 முதல் 1953 வரை நடந்த அப்போரில் இந்தியா சண்டையிடப் படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆம் பாராசூட் மருத்துவப் பிரிவு 1950-ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்று காயமுற்றோருக்குத் தொண்டாற்றியது. போர் நின்றபின் கைதிகளைத் திருப்பி அனுப்புவதற்கென அமைந்த நடுநிலை நாடுகளின் குழுவுக்குத் தளபதி கே. எஸ். திம்மையா தலைமை தாங்கினார். பேத்திமாருக்கோ கொரியா என்றால் பாட்டும் தொடர் நாடகமும் பொட்டல நூடுல்ஸும்! பாட்டி அறிந்த கொரியாவுக்கும் பேத்தி அறிந்த கொரியாவுக்கும் இடையே ஒரு நாடு பட்டினியிலிருந்து எழுந்து நின்ற கதை கிடக்கிறது. அக்கதை அவர்களுடைய உணவிலே எழுதப்பட்டிருக்கிறது.

நாம் சென்ற உணவகம் சிறியது. எட்டு மேசைகள், ஒரு பக்கம் தாழ்ந்த பலகைகள் இட்ட தரை இருக்கை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு அமரலாம் என்று அறிந்ததும் அத்தையின் முகம் மலர்ந்தது. "ஓட்டல் என்று சொல்லி வீட்டுக்கல்லவா அழைத்து வந்திருக்கிறாய், மக்களே!" என்று பேரனைப் பார்த்துச் சொன்னார். அடுக்களையில் நின்ற அம்மையார் கொரியர். பரிமாறிய பெண் மணிப்பூரைச் சேர்ந்தவர். கணக்கெழுதிய பையன் திண்டிவனத்தான். அனைவரும் வேற்றூரார். உண்ண வந்த நாமும் வேற்றூராரே.

கேட்ட உணவு வருமுன்னரே சிறு சிறு கிண்ணங்கள் வந்து பலகையை நிறைத்தன. கிம்ச்சி என்னும் புளித்த முட்டைக்கோசு, நல்லெண்ணெயில் பிரட்டிய கீரை, வேகவைத்த பயற்று முளை, முள்ளங்கி, இனிப்பும் உறைப்புமாக வறுத்த நெத்திலி. இத்துணைக்கறிகளுக்குப் 'பான்சான்' என்று பெயர். இவற்றுக்குத் தனி விலை இல்லை. தீர்ந்தால் மறுபடியும் வைக்கின்றனர். பந்தியில் கூட்டும் அவியலும் தீரத் தீர வருமே, அதுபோல. நெத்திலியைக் கண்ட அத்தை, "இது நம் குளச்சல் நெத்தோலி அல்லவா!" என்று வியந்தார். குடிப்பதற்கு வந்தது வறுத்த வாற்கோதுமையை இட்டுக் காய்ச்சிய நீர். நிறமும் இளஞ்சூடும் நம் வட்டாரத்துக் கடைகளில் வைக்கும் சீரக வெந்நீரை நினைவூட்டின. வெறுந்தண்ணீரை விருந்தினருக்கு வைப்பதில் இரு நாட்டாருக்கும் மனம் இல்லை போலும்!

நாம் கேட்ட உணவு 'பிபிம்பாப்'. 'பிபிம்' என்பது கலத்தல். 'பாப்' என்பது சோறு. அவர்கள் மொழியில் சோறு என்ற சொல்லே முழுச் சாப்பாட்டையும் குறிக்கும். ஆழ்ந்த கிண்ணத்தில் வெண்சோறு; அதன்மேல் காரட், கீரை, வெள்ளரி, காளான், பயற்று முளை ஆகியன வட்டமாக, நிறம் நிறமாக அடுக்கப்பட்டிருந்தன; ஓரத்தில் செக்கச் சிவந்த மிளகாய் விழுது. அத்தை கரண்டியை எடுக்குமுன் கணக்கெழுதும் பையனை அழைத்தார்.

"தம்பி, இதில் மாட்டிறைச்சி ஏதும் உண்டா?"

"இல்லை அம்மா. இறைச்சி வேண்டாமென்று முன்பே சொல்லிவிட்டோம். முட்டை மட்டும் வைப்பார்கள். அதுவும் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்."

"முட்டை இருக்கட்டும்" என்றார் அத்தை.

அழகாக அடுக்கியதைக் கலைக்க மனமின்றி மேலாக எடுத்து உண்டால் இவ்வுணவில் சுவை இல்லை. விழுதைப் போட்டு அடிவரை நன்றாகப் பிசைதல் வேண்டும். சோறும் சாம்பாரும் பொரியலும் இலையில் தனித்தனியே கிடந்து, கைபட்டவுடன் ஒன்றாவதைப் பிறந்த நாள் தொட்டு அறிந்த நமக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மிளகாயின் உறைப்பு முன்னே வந்தது. நல்லெண்ணெயின் மணம் பின்னே வந்தது. கீரையின் குளிர்ச்சி இரண்டையும் ஆற்றியது. கிண்ணம் காலியாகும் வரையில் நாம் பேசவில்லை.

மேசையில் நீண்ட கரண்டி ஒன்றும் உலோகக் குச்சிகள் இரண்டும் இருந்தன. கொரியர் சோற்றையும் குழம்பையும் கரண்டியால் உண்பர். துணைக்கறிகளைக் குச்சியால் எடுப்பர். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி உண்பதை மரியாதைக் குறைவாகக் கருதுவர். வீட்டில் மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே இளையவர் தொடங்குவர். அத்தை குச்சியை எடுத்து ஒரு நெத்திலியைக் கிண்ணம் முழுதும் துரத்திப் பார்த்துவிட்டு, இரண்டையும் கீழே வைத்தார்.

அந்நேரம் அடுத்த பலகையில் இருந்த கொரியக் குடும்பத்தின் பக்கம் அவர் பார்வை சென்றது. அங்கிருந்த தாய் ஒரு கீரையிலையை உள்ளங்கையில் விரித்து, அதில் சிறிது சோறும் கறியும் விழுதும் வைத்து மடித்து, அருகில் அடம் பிடித்துக்கொண்டிருந்த மகனின் வாயில் முழுவதுமாக ஊட்டினார். இதற்கு 'ஸாம்' என்று பெயர். ஒரே வாயில் உண்ண வேண்டும்; அன்புக்குரியவருக்கு மடித்து ஊட்டுவதும் வழக்கம். வெற்றிலை மடித்துப் பழகிய அத்தையின் கைக்கு அது நொடியில் வந்துவிட்டது. தமக்கு ஒன்று மடித்தார். பேரனுக்கு ஒன்று மடித்து ஊட்டினார். தொழிற்சாலையில் பலரை மேய்க்கும் அந்த வாலிபர் வெட்கத்தோடு வாய் திறந்தார். அடுத்த பலகைத் தாய் அதைப் பார்த்துச் சிரித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் தெரியாது. கையால் உண்பது நாகரிகமன்று என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் அக்காட்சியைக் காண வேண்டும்.

கொரிய மொழியில் ஒருவரை ஒருவர் கண்டால் நலம் வினவுவதற்குப் 'பாப் மொகொஸொயோ' என்பர். 'சோறு உண்டீரா' என்பது அதன் பொருள். 'சாப்பிட்டாயா' என்று கேட்காமல் நம் வீட்டில் யாரேனும் பேச்சைத் தொடங்குவது உண்டா? பசியை அறிந்த நாட்டில்தான் இவ்வினா நலம் கேட்கும் வினாவாக நிற்கும்.

அவர்கள் அறிந்த பசி சிறிதன்று. பனிக்காலத்தில் நெல் தீர்ந்து, வாற்கோதுமை விளைவதற்கு முன் வரும் இளவேனிலைக் கொரியர் 'வாற்கோதுமை மேடு' என்று அழைத்தனர். அம்மேட்டைக் கடந்தால் அவ்வாண்டு உயிர் தப்பியது என்று பொருள். கர்க்கடகத்தைப் 'பஞ்ஞ மாதம்' என்று அழைத்த நம் அண்டை வீட்டாருக்கு அச்சொல்லின் கனம் தெரியும். போருக்குப் பின் அமெரிக்கப் படை முகாம்களிலிருந்து கிடைத்த டப்பா இறைச்சியைக் கிம்ச்சியோடும் மிளகாயோடும் கொதிக்கவைத்து உண்டனர். 'படைக் குழம்பு' என்ற பெயரோடு அது இன்றும் விற்கப்படுகிறது. அரிசி போதாமையால் கோதுமை மாவு உணவை அரசு ஊக்கியது. 1963-இல் அந்நாட்டின் முதல் உடனடி நூடுல்ஸ் விற்பனைக்கு வந்தது. இன்று பேத்திமார் விரும்பும் அப்பொட்டலம், பிறந்தபோது பசிக்கு மருந்தாகவே பிறந்தது.

நம் மரச்சீனியின் கதையும் அத்தகையதே. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-இல் பர்மாவை ஜப்பானியர் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்போது இந்நாட்டு ஏழைகளின் உயிரைத் தாங்கி நின்றது அவித்த மரச்சீனிதான். இன்று அதே கிழங்கு நகரத்துப் பெரிய விடுதிகளில் மண்சட்டியில் வைத்து விலை கூட்டி விற்கப்படுகிறது. ஏழையின் கிண்ணத்தில் பிறந்தவையே பிற்காலத்தில் ஒரு நாட்டின் பெருமையாக எழுந்து நிற்கின்றன.

இரு சமையலுக்கும் இடையே வேறு சில ஒற்றுமைகளும் உள. அவர்கள் முட்டைக்கோசை உப்பிட்டுப் புளிக்கவைக்கின்றனர். நாம் இட்லி மாவையும் பழஞ்சோற்றையும் புளிக்கவைக்கிறோம். இரண்டிலும் பணிபுரிவன ஒரே இனத்து நுண்ணுயிர்களே. நோயுற்றவருக்கு அவர்கள் கொடுப்பது 'ஜுக்' என்னும் அரிசிக் கஞ்சி. பிலாவிலை கோட்டிக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை. பானையின் அடியில் பிடித்த சோற்றில் நீர் விட்டுக் கொதிக்கவைத்து உணவின் முடிவில் குடிப்பதும் அவர்களிடையே உண்டு. மிளகாய் இரு நாட்டுக்கும் அயலதே. போர்த்துக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் நமக்கு வந்தது. அந்நூற்றாண்டின் இறுதியையொட்டிக் கொரியாவை அடைந்தது. கிம்ச்சி சிவந்தது அதற்குப் பின்னரே. மிளகாய் இல்லாத நம் குழம்பையும் சிவக்காத அவர்கள் கிம்ச்சியையும் இன்று எண்ணிப் பார்க்க முடிகிறதா? நமக்கே உரியது என்று நாம் மார்தட்டும் சுவையிலும் ஓர் அயலார் அமர்ந்திருக்கின்றார்.

இவ்வொற்றுமைகளைக் கண்டு சிலர் இரு இனத்தாரும் பண்டை உறவினர் என்பர். அம்மா, அப்பா என்னும் சொற்கள் கொரிய மொழியிலும் ஏறக்குறைய அவ்வாறே ஒலிக்கின்றன. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஒரு நூலே எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் துறவி இர்யோன் தொகுத்த 'சம்குக் யூசா' என்னும் நூல், 'அயுத' நாட்டு இளவரசி ஒருத்தி கி.பி. 48-இல் கப்பலேறி வந்து, கயா நாட்டு மன்னன் சூரோவை மணந்தாள் என்று கூறுகிறது. அயுத என்பது அயோத்தி என்பார் பலர். அது பொதிய மலையைச் சூழ்ந்து ஆண்ட ஆய் மன்னர்களின் நாடே என்பார் நம்மவருள் சிலர். அவர்கள் கூற்றுப்படி அவ்விளவரசியின் தாயகம் நம் அம்பூரி மலைகளையும் தழுவியதாகிவிடும்! கேட்க இனிமையாயிருக்கிறது. ஆயினும் இவற்றுக்கு உறுதியான சான்று இல்லை. மொழியியலாளரும் அவ்வுறவை ஏற்பதில்லை. அம்மா என்பது போன்ற சொற்கள் உலகின் பல மொழிகளில் உண்டு.

ஆய் நாட்டைப் பற்றி உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் விளவங்கோட்டுப் பகுதியில் பார்த்திவசேகரபுரம் கோயிலை எழுப்பி, அதனோடு ஒரு கல்விச் சாலையும் அமைத்து, 95 மாணவர்க்கு இடம் செய்தான். வந்து கற்பவருக்குச் சோறிடுவது இம்மண்ணின் பழக்கம் என்பதற்கு அச்செப்பேடு போதும். ஒருவரோடு அமர்ந்து உண்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய உறவு வேண்டுவதில்லை. அன்றைய பசி ஒன்றே போதும்.

இனி, நம் இல்லங்களுக்குள் வருவோம். இந்தப் பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளை டிபன் பெட்டியைத் திறக்க வெட்கப்படுகிறது. புளிச்சோற்றைக் கண்டால் உடன் படிப்போர் நகைப்பராம். எல்லைக்கு அப்பால் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையோ மரச்சீனியின் பெயரையே எடுப்பதில்லை. எடுத்தால் 'மலையாளத்தான்' என்று ஏளனம் செய்வராம். கோட்டின் இரு புறத்திலும் நம் உணவு அயலார் உணவாகிவிடுகிறது. அதே வீட்டில் பெரியவர்கள் செய்வது என்ன? அண்டை வீட்டார் திருவோணத்துக்கு அழைத்தால் சென்று அமர்கின்றனர். பாயசத்தை மட்டும் உதட்டில் வைத்துவிட்டு எழுகின்றனர். "அவர்கள் சட்டியில் எது வெந்ததோ" என்று திரும்பும் வழியில் பேசுகின்றனர். அதைக் கேட்டு நடக்கும் பிள்ளை என்ன கற்கும்? பிறர் சட்டி இகழ்ச்சிக்குரியது என்று கற்கும். மறுநாள் பள்ளியில் தன் சட்டியும் பிறருக்கு அப்படித்தானே என்று அஞ்சும். பெரியவரின் இகழ்ச்சியும் பிள்ளையின் வெட்கமும் ஒரே வேரில் முளைத்தவை.

கொரியரும் இவ்வழியே வந்தவர்கள்தாம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் குடியேறிய கொரியக் குடும்பங்கள் பூண்டு நாற்றம், கிம்ச்சி நாற்றம் என்று எள்ளப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பள்ளிக்கு அதைக் கொண்டு செல்ல அஞ்சிய பிள்ளைகள் அங்கும் இருந்தனர். அவர்களுடைய தாய்மார் சாடிகளை உடைத்துவிடவில்லை. குளிர்காலத்தின் முன் அண்டை வீட்டார் கூடி ஆண்டுக்கு வேண்டிய கிம்ச்சியைச் செய்து பகிர்ந்துகொள்ளும் 'கிம்ஜாங்' என்னும் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 2015-இல் வட கொரியாவின் கிம்ச்சி மரபும் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஒரு கோட்டால் பிரிந்த இரு நாட்டுக்கும் சாடி ஒன்றே. எல்லையில் வாழும் நமக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

நம் உறவினர் மகன் உண்ணும்போது ஒரு செய்தி சொன்னார். அவர் பிரிவின் கொரிய மேலாளர் காலையில் ஆலை உணவுக் கூடத்தில் தோசையும் சாம்பாரும் கேட்டு வாங்கி உண்பாராம். இரவில் வீட்டில் தம் மனைவி ஆக்கிய சோற்றையே உண்பாராம். இரண்டுக்கும் இடையே அவர் எந்த முரணையும் காணவில்லை. தன் வீட்டு அடுப்பு அணையாது என்ற உறுதி உள்ளவனே அயலார் பந்தியில் அச்சமின்றி அமர்வான்.

கொரிய உணவகம் செல்ல விழையும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். சைவ உணவினர் முன்பே கேட்டறிதல் வேண்டும். கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பது வழக்கம். குழம்புகளை நெத்திலி வெந்த நீரில் கொதிக்கவைப்பதும் உண்டு. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் அங்குப் பெருவழக்கு; விலக்குவோர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விலை நம் ஊர்ச் சாப்பாட்டைவிட மிகுதி. இரண்டு மூன்று உணவு வாங்கி நால்வர் பகிர்ந்து உண்பது அவர்கள் வழக்கத்துக்கும் ஒத்தது, நம் பைக்கும் ஏற்றது. மூத்தவர் கொடுப்பதை இரு கையாலும் வாங்குதல் அங்கு மரியாதை. பிள்ளைகள் பொட்டல நூடுல்ஸையே கொரிய உணவு என்று எண்ணி நாள்தோறும் கேட்டால், அதிலுள்ள உப்பின் மிகுதியை எடுத்துக் கூறி, எப்போதேனும் ஒருமுறை காயும் முட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

வீட்டிலேயே கிம்ச்சி செய்து பார்க்க விரும்புவோர் முட்டைக்கோசையும் முள்ளங்கியையும் நறுக்கி உப்பிட்டு, சில மணி நேரத்தில் நீர் விட்டதும் கழுவிப் பிழிந்து, இஞ்சி, பூண்டு, மிளகாய்த் தூள் விழுதைப் பூசிக் கண்ணாடிச் சாடியில் அமுக்கி வைக்கவும். சாடியின் வாய் வரை நிரப்ப வேண்டாம், பொங்கும். நம் நாட்டு வெப்பத்தில் ஓரிரு நாளில் புளித்துவிடும்; பின்னர்க் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சூடான கஞ்சிக்கும் பயறுக்கும் அது நல்ல துணை என்பதை நாம் உண்டு அறிந்தோம்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். வரும் பொங்கலன்று ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுப் பண்டம் ஒன்றை மலையாள அண்டை வீட்டுக்கும் காணிக் குடியிருப்புக்கும் கொண்டு செல்லட்டும். அடுத்த திருவோணத்துக்கு அவர்கள் அழைக்கும் பந்தியில் அமர்ந்து, இலை மடக்கும் வரை உண்ணட்டும். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டும். அதன் பின் பள்ளியில் டிபன் பெட்டியைத் திறக்க அவர்களுக்கு யாரும் துணிவு சொல்லித்தர வேண்டியிராது.